முழு அளவு என்பது யாருடைய அளவு?

நாற்பது வயதில் செல்லோ கற்க விரும்பும் ஒருவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் முதல் அறிவுரை, ‘பெரியவர்தானே, முழு அளவே வாங்குங்கள்’ என்பது. கால், அரை, முக்கால் ஆகியவை குழந்தைகளுக்கு உரியவை. வளர்ந்தவருக்கு முழு அளவே உரியது என்பது விற்பவரும் வாங்குபவரும் ஆராயாமல் ஏற்றுக்கொண்ட விதி. இவ்விதி மறு ஆய்வுக்கு உரியது.

முதலாவதாக, இப்பின்னங்கள் கணக்குப் பின்னங்கள் அல்ல. முழு அளவுச் செல்லோவின் உடல் நீளம் ஏறத்தாழ 75 முதல் 76 செ.மீ.; 7/8 அளவு ஏறத்தாழ 72; 3/4 அளவு ஏறத்தாழ 69. அதாவது ‘முக்கால்’ எனப்படுவது நீளத்தில் பத்தில் ஒன்பது பங்கு. முழு அளவும் என்றென்றைக்குமான அளவன்று. 17ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கருவிகள் பல இன்றையவற்றினும் பெரியவை. ஸ்ட்ராடிவாரி 1707 வாக்கில்தான் ஏறத்தாழ 75 செ.மீ. வடிவத்தை வந்தடைந்தார். பழைய பெருங்கருவிகள் பலவும் பிற்காலத்தில் அறுத்துச் சிறிதாக்கப்பட்டன. வாசிப்பவரின் வசதிக்காகக் குறைக்கப்பட்ட ஓர் அளவே இன்று ‘முழுமை’ எனப் பெயர் பெற்றுள்ளது.

இரண்டாவதாக, இப்பெயர் எல்லாரையும் ஒரேபோல் பாதிப்பதில்லை. வழக்கிலுள்ள அளவு அட்டவணைகள் பலவும் 5 அடிக்கு மேற்பட்டோருக்கு முழு அளவைப் பரிந்துரைக்கின்றன. இந்தியப் பெண்களின் சராசரி உயரமே ஏறத்தாழ 152 செ.மீ., அதாவது 5 அடி. ஆகவே அந்த அட்டவணையின்படியே பார்த்தாலும், இந்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முழு அளவுக்கு வெளியே நிற்கின்றனர்.

உயரத்தினும் முக்கியமானது இடக்கை. முதல் நிலையில் சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே மூன்று அரைச்சுரங்கள் அமைய வேண்டும். விரித்து வாசிக்கும்போது நான்கு. 69 செ.மீ. தந்தி நீளத்தில் இவ்விடைவெளிகள் முறையே ஏறத்தாழ 10, 13 செ.மீ. ஆகும். 7/8 அளவில் விரிப்பு அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் குறையும். எண்ணில் அற்பமாகத் தோன்றும் இவ்வேறுபாடு, நாள்தோறும் நூறுமுறை விரியும் கைக்கு அற்பமன்று. வளரும் கை காலப்போக்கில் கருவிக்கு ஈடுகொடுக்கும். வளர்ச்சி முடிந்த கைக்கு அந்த வாய்ப்பில்லை. கட்டைவிரலில் தொடங்கும் வலியைத் தம் திறமைக்குறைவு என்று எண்ணிக் கற்பதையே கைவிடும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

மறுதரப்பிலும் நியாயம் உண்டு. சிறிய கருவியில் தாழ்சுரத் தந்தியின் கனம் குறையக்கூடும். 7/8 கருவிகள் குறைவாகவே செய்யப்படுவதால் தேர்வு குறுகும். சிறிய கைகளுடன் முழு அளவில் சிறப்பாக வாசிப்போரும் உளர். சில வேளைகளில் குறை அளவில் இல்லாமல், தந்திகள் விரற்பலகையிலிருந்து மிக உயர்ந்து நிற்பதில் இருக்கும். குதிரையைச் சீர்செய்தாலே அது தீரும். எனவே சிறிய கருவியே சிறந்தது என்பது இங்கு வாதமன்று. அளவைப் பெயர் தீர்மானிக்கக்கூடாது என்பதே வாதம்.

தில்லியில் வாழும் சாஸ்கியா ராவ்-தே ஹாஸ் இந்துஸ்தானி இசைக்காகச் செல்லோவையே மாற்றி அமைத்தார். தரையில் அமர்ந்து வாசிக்க உடலைச் சிறிதாக்கி, கூடுதல் தந்தியும் உடன் ஒலிக்கும் தரப் தந்திகளும் சேர்த்த அக்கருவியை எவரும் குறைப்பட்ட செல்லோ என்று சொல்வதில்லை.

ஆதலால் இசைப்பள்ளிகள் விலைப்பட்டியலுக்கு முன் ஒரு நாற்காலியைக் காட்டட்டும். கற்க வந்தவர் பாதம் தரையில் படிய அமர்ந்து, கருவியின் மேல்விளிம்பு நெஞ்செலும்பில் சாய, முழங்கால்கள் அதன் இருபுறமும் இயல்பாகத் தொட, தாழ்தந்தியின் பிருடை இடச்செவியருகே வருகிறதா என்று பார்க்கட்டும். பின்னர் தோளை உயர்த்தாமல் நான்கு விரல்களையும் தந்தியில் ஊன்றட்டும். இரண்டு அளவுகளையும் சில வாரங்கள் வாடகைக்கு எடுத்துப் பார்க்கும் வாய்ப்பையும் பள்ளிகளே ஏற்படுத்தித் தரலாம். அதன் பிறகு வாங்கும் கருவி 7/8 ஆக இருந்தாலும், அவர் கற்பது முழுச் செல்லோதான்.