கைக்கு அடங்காத பக்கம்

1579-இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ என்ற தமிழ் நூல் அச்சேறியது. அதற்கு முந்தைய ஆண்டு கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். தமிழ் ஓலையை விட்டு அச்சுத்தாளுக்கு வந்த தொடக்கக் கதையில் இந்தக் கடற்கரைக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று அதே கொச்சியில், இடக்கொச்சியிலிருந்து மட்டாஞ்சேரிக்குப் பேருந்தில் போகிற தமிழ் வாசகர் ஒருவர், ஸ்கேன் செய்த பழைய நூலின் பி.டி.எஃப். கோப்பைத் தன் கிண்டில் மின்படிப்பானில் திறந்தால் பக்கம் முழுதாகத் தெரியும். எழுத்துதான் தெரியாது.

குறை கருவியில் இல்லை. எங்கே திறந்தாலும், எதில் அச்சடித்தாலும் பக்கம் மாறக்கூடாது என்பதற்காகவே 1993-இல் அடோபி நிறுவனம் பி.டி.எஃப். வடிவத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பிடிவாதம்தான் சின்னத் திரையில் தொல்லையாகிறது. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.; ஆறு அங்குலத் திரையின் அகலம் சுமார் 9 செ.மீ. தாளில் 12 புள்ளி அளவில் இருந்த எழுத்து ஐந்து புள்ளிக்குச் சுருங்கும். மெய்யின் மேல் புள்ளி இருக்கிறதா என்று கண்ணை இடுக்கித் தேட வேண்டியிருக்கும்.

வாசகர் கையில் சில வழிகள் உண்டு. கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பினாலே எழுத்து மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும். ஓரத்து வெள்ளையை வெட்டினால் இன்னும் கொஞ்சம். ‘கே2பிடிஎஃப்ஆப்ட்’ என்ற இலவச மென்பொருள் பக்கத்தைச் சொல் சொல்லாகக் கத்தரித்து, திரைக்கேற்ப மறுபடி அடுக்கித் தரும். எழுத்தைப் படமாகவே கையாள்வதால் ஸ்கேன் நூலுக்கும் அது உதவும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த நூல்களின் கதை வேறு. அங்கே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உட்கார்ந்திருக்கும். எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்காமல் விட்டிருந்தால் திரையில் வருவது ஆங்கில எழுத்துக் குவியல்தான். அதை யூனிகோடுக்கு மாற்றுவது வெளியிட்டவர் வேலை. வாசகர் தலையில் கட்டக்கூடாது.

சின்னத் திரைக்கேற்ற நூலைத் தருவது முடியாத வேலையும் அல்ல. கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் வந்தது 2016 இறுதியில். அதற்கு மூன்றாண்டு முன்பே தொடங்கிய ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தன்னார்வலர்கள் ஒரே நூலைத் திரைக்கேற்ப வரி மாறும் இபப், மோபி, ஏ4 பி.டி.எஃப்., ஆறு அங்குல பி.டி.எஃப். எனப் பல வடிவங்களில் இலவசமாகத் தந்தார்கள். அந்த ஆறு அங்குல யோசனை அருமையானது: பக்கத்தையே திரையின் அளவுக்குச் செய்து, எழுத்துருவையும் உள்ளே பதித்துவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறாது.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அரிய நூல்களை ஸ்கேன் செய்து காப்பாற்றியிருக்கிறது. அது பெரிய தொண்டு. ஆனால் அவை பக்கங்களின் படங்கள். அவற்றை எழுத்துணரி மென்பொருளில் இட்டு, ஆள் வைத்துப் பிழை திருத்தி, இபப் ஆக்கித் தர வேண்டும். 1998 முதல் மதுரைத் திட்டம் என்ற தன்னார்வக் குழுவினர் சம்பளமில்லாமல் நூல்களைத் தட்டச்சு செய்து தந்திருக்கிறார்கள். பொதுப்பணமும் ஊழியர்களும் உள்ள கல்விக்கழகம், அதிகம் படிக்கப்படும் நூறு நூல்களிலிருந்து இந்த ஆண்டே தொடங்கலாம்.