5 ஹெச்பி மோட்டாரைவிட அதிகமா கரண்ட் இழுக்கிற டிக்கி

அமாவாசைக்கு அமாவாசை எங்க செஞ்சி வழியா மேல்மலையனூருக்குப் போற கார்களுக்குக் கணக்கே கிடையாது. அதுல சில கார்கள் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே நெஞ்சுக்குத் தெரிஞ்சிடும். டிக்கி முழுக்க சப்-ஊஃபர் பெட்டி. ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கும்.

சத்தத்தைப் பத்திப் புலம்பப் போறேன்னு நினைச்சிடாதீங்க. அதுக்கு 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் இருக்கு. குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரியில 45. அதை யார் மதிக்கிறாங்கங்கறது வேற கதை. என் சண்டை சத்தத்தோட இல்ல, கார்பெட்டுக்கு அடியில ஓடுற வயரோட.

நகரத்துல இருந்து கார் வாங்கறவங்க ஷோரூம்ல நூறு கேள்வி கேக்கறீங்க. மைலேஜ் எவ்வளவு, ஏர்பேக் எத்தனை, ஸ்டார் ரேட்டிங் என்னன்னு. அதே ஆள் ஆடியோ கடைக்குப் போனதும் "பேஸ் நல்லா வருமா?"ங்கற ஒரே கேள்வியோட பணத்தை எடுத்து வைக்கிறார். பெட்டி மேல 1000 வாட்ஸ்னு ஸ்டிக்கர் இருந்தா போதும். அந்த 1000 பெரும்பாலும் உச்ச வாட்ஸ், அதாவது கண நேரம் மட்டும் தாங்குற அளவு. தொடர்ந்து தர்ற சக்திக்கு ஆர்எம்எஸ்னு பேர். அது அதே பெட்டியில சின்ன எழுத்துல, பாதியோ கால்வாசியோன்னு இருக்கும். கிணத்து மோட்டார்ல 5 ஹெச்பின்னு எழுதி 2 ஹெச்பி வேலை செஞ்சா, எங்க ஊர்ல கடைக்காரர் சட்டையைப் பிடிச்சிடுவாங்க. கார் ஆம்ப்ளிஃபையர்ல மட்டும் இந்தப் பொய்க்குப் பேர் விளம்பரம்.

பொய் ஸ்டிக்கரால பணம்தான் போகும். வயர் தப்பா இருந்தா வண்டியே போகும்.

கணக்கைப் பாருங்க. நிஜமாவே 500 வாட்ஸ் ஆர்எம்எஸ் தர்ற ஆம்ப், நல்ல ரகமா இருந்தாலும், பேட்டரியில இருந்து 600 வாட்ஸுக்கு மேல கேக்கும். வீட்டு லைன்ல 230 வோல்ட், அதனால 3 ஆம்பியர்கூட ஆகாது. கார்ல வண்டி ஓடும்போதே 14 வோல்ட்டுக்குள்ளதான். அப்போ முழு சத்தத்துல 45 ஆம்பியர் ஓடணும். எங்க 5 ஹெச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார் ஒரு வயர்ல இழுக்கறது 7, 8 ஆம்பியர்தான். கிட்டத்தட்ட ஆறு மடங்கு கரண்ட் உங்க குழந்தை உட்கார்ந்திருக்கிற சீட்டுக்கு அடியில போகுது. கரண்ட் ரெண்டு மடங்கானா அதே வயர்ல சூடு நாலு மடங்காகும்.

அதுக்குப் போடுற வயர் எப்படிப்பட்டது? வெளியில பார்த்தா விரல் தடிமன். பிளேடால சீவிப் பார்த்தா, தடிமன்ல பாதி ரப்பர். உள்ள இருக்கற இழையும் மேலே செம்பு முலாம், நடுவுல அலுமினியம். மோட்டார் வாங்கும்போது "காப்பர் வைண்டிங்கா, அலுமினியமா?"ன்னு படிக்காத பெரியவர்கூட கேப்பார். கார் கடையில படிச்சவங்களே கேக்கறதில்ல. நல்ல செம்புலயே 4 ஸ்கொயர் வயரை 5 மீட்டர் ஓட்டினா, 45 ஆம்பியருக்கு ஒரு வோல்ட் வழியிலேயே சூடாப் போயிடும். 16 ஸ்கொயர் போட்டா கால் வோல்ட்தான் போகும்.

எல்லாத்தையும்விட மோசம் ஃப்யூஸ் விஷயம். "ஃப்யூஸ் எங்கப்பா போடுவே?"ன்னு ஒரு கடையில கேட்டேன். "ஆம்ப்லயே இருக்குண்ணே"ன்னான். அந்த ஃப்யூஸ் ஆம்பைத்தான் காப்பாத்தும், பேட்டரியில இருந்து டிக்கி வரைக்கும் வர்ற வயரைக் காப்பாத்தாது. கோட்டைக்குக் காவல் வாசல்ல இருக்கணும், ராஜாவோட படுக்கையறையில இல்ல. பேட்டரியில இருந்து ஒரு முழத்துக்குள்ள மெயின் ஃப்யூஸ் இருக்கணும். இல்லேன்னா, இன்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவுல இருக்கிற தகட்டு ஓட்டையில வயர் உரசி தோல் உரிஞ்ச அன்னிக்கு, பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரை அந்த இடத்துல கொட்டிடும். வயர் பழுத்துச் சிவந்து கார்பெட்டைப் பத்த வைக்க ரொம்ப நேரம் ஆகாது.

"நாங்க முழு சத்தம் வைக்கறதே இல்ல"ன்னு சிலர் சொல்வீங்க. ஷார்ட் சர்க்யூட்டுக்குப் பாட்டே வேண்டாம். அந்த மெயின் வயர் பேட்டரியோட நேரடியா இணைஞ்சது. சாவியை எடுத்துட்டு நீங்க வீட்டுல தூங்கினாலும் அதுல லைன் இருக்கும்.

உங்களைப் பார்த்து எங்க பசங்களும் டிராக்டர்ல பெட்டி கட்டறாங்க. பல டிராக்டர்கள்ல ஆல்டர்னேட்டரே 36 ஆம்பியர்தான். ஹெட்லைட்டுக்கும் அதுல இருந்துதான் கரண்ட். ராத்திரி திண்டிவனம் ரோட்டுல கரும்பு லோடோட, மங்கின லைட்டோட, பின்னாடி அடிக்கிற ஹாரன் காதுல விழாம போறான். கிராமத்துப் பையனுக்குப் பொறுப்பில்லைன்னு திட்டறவங்க, அவன் யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டான்னும் யோசிக்கணும்.

பாட்டு கேளுங்க, வேண்டாங்கல. ஆனா பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி நாலு விஷயத்தைக் கேளுங்க. ஆர்எம்எஸ் எவ்வளவு? வயர் முழுச் செம்பா, எத்தனை ஸ்கொயர்? பேட்டரி பக்கத்துல ஃப்யூஸும், தகட்டு ஓட்டையில ரப்பர் புஷ்ஷும் உண்டா? எர்த் வயரும் அதே தடிமன்ல, பெயின்ட் சுரண்டின பாடியில முறுக்குவாங்களா? ஃப்யூஸ், அதுக்கான ஹோல்டர், புஷ் எல்லாம் சேர்த்தே சில நூறு ரூபாய்தான். பதிலைப் பில்லுலயே எழுதித் தரச் சொல்லுங்க. எழுதித் தரத் தயங்கற கடையில உங்க வண்டியைத் திறக்க விடாதீங்க.