தையல் பிரித்த பிறகு

ஆண்டுக்கணக்கில் அடிவயிற்று வலியோடு வாழ்ந்த ஒரு பெண் கடைசியில் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிக்கும்போது, அவரும் கூட வந்தவர்களும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஆபரேஷன் பண்ணிட்டா வலி சுத்தமா போயிடுமா டாக்டர்?" வெளியே இருபது பேர் காத்திருக்கும் புறநோயாளிப் பிரிவில் "போயிடும்மா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிடுவது எளிது. அந்த ஒரு வாக்கியம்தான் மூன்று மாதம் கழித்து நமக்கும் அவருக்கும் இடையே சுவராக நிற்கிறது.

கையில் இருக்கும் ஆதாரங்களைப் பார்ப்போம். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 39 பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் திட்டுகளை வெட்டி எடுத்தும், மற்றொரு குழுவுக்கு உள்ளே பார்த்துவிட்டு மட்டும் மூடியும் செய்த ஆய்வு 2004-இல் வெளியானது. ஆறு மாதத்தில் முதல் குழுவில் 80 விழுக்காட்டினருக்கு வலி குறைந்திருந்தது. வெறுமனே பார்த்துவிட்டு மூடிய குழுவிலும் 32 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். அறுவைச் சிகிச்சை பயன் தருகிறது என்பதற்கு இது நல்ல சான்று. கூடவே, ஐந்தில் ஒருவருக்கு வெட்டி எடுத்தும் வலி குறையவில்லை என்பதற்கும் இதுவே சான்று. நீண்டகாலக் கணக்கு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. கர்ப்பப்பையை வைத்துக்கொண்டு திட்டுகளை மட்டும் அகற்றியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஏழு ஆண்டுகளுக்குள் மறுபடியும் அறுவை அரங்குக்கு வந்ததை 2008-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கர்ப்பப்பையை நீக்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் சொல்ல முடியாது. டென்மார்க்கில் கர்ப்பப்பை நீக்கம் செய்துகொண்ட பெண்களை ஓராண்டு கழித்து விசாரித்தபோது மூவரில் ஒருவர் வலி இருப்பதாகச் சொன்னார். அப்படிச் சொன்னவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டவை: முன்பே இருந்த இடுப்புக்குழி வலி, பழைய சிசேரியன், உடலின் வேறு இடங்களிலும் வலி. நம் வார்டில் படுத்திருப்பவர்களில் பலர் இந்த மூன்றையும் சுமப்பவர்கள்.

இந்த எண்களைச் சொல்லி நோயாளியைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. வலிக்கான அறுவைச் சிகிச்சையின் பலன் பாதிக்குமேல் அரங்குக்கு வெளியே, அதற்கு முன்பும் பின்பும், தீர்மானமாகிறது என்பதே நம் கருத்து. அந்த இரண்டு காலங்களுக்கும் நாம் கொடுக்கும் நேரம் மிகக் குறைவு.

முதலில், முன்பு. நாட்பட்ட இடுப்புக்குழி வலிக்காக லேப்ராஸ்கோபி செய்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கண்ணுக்கு எதுவும் தென்படுவதில்லை என்பது 1990-களிலிருந்தே தெரிந்த செய்தி. அப்படியானால் கத்தியை எடுப்பதற்கு முன் விரலைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். நோயாளியைப் படுக்க வைத்து, வலிக்கும் இடத்தில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு தலையை மட்டும் தூக்கச் சொல்லுங்கள். வலி கூடினால் அது பெரும்பாலும் வயிற்றுச் சுவரில் இருக்கிறது, கர்ப்பப்பையில் இல்லை. கார்நெட் சோதனை என்று நாம் எல்லோரும் படித்ததுதான். அரை நிமிட வேலை. தமிழ்நாட்டில் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். அந்தத் தழும்பின் ஓரத்தில் சிக்கிய நரம்பும், தழும்பிலேயே வளர்ந்த எண்டோமெட்ரியோசிஸும் "கர்ப்பப்பை வலி" என்ற பெயரில் நம்மிடம் வருகின்றன. அதேபோல் உள்பரிசோதனையில் இரண்டு விரலும் மேலிருந்து அழுத்தும் கையுமாக நேரே கர்ப்பப்பையைத் தேடிப் போகாமல், ஒற்றை விரலால் இடுப்புத்தளத் தசைகளை இருபக்கமும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். "இதேதான் டாக்டர், இந்த வலிதான்" என்று அவர் சொன்னால், கர்ப்பப்பையை எடுத்தாலும் அந்தத் தசை இறுகியேதான் இருக்கும்.

மாதவிலக்கு நாட்களில் மலம் கழிக்கும்போது உயிர் போகிறது என்று ஒருவர் சொன்னால் அதை மலச்சிக்கல் கணக்கில் தள்ளிவிட வேண்டாம். மலக்குடலுக்கும் யோனிக்கும் இடையே ஆழமான திட்டு இருக்கிறதா என்பதை அதில் பழகியவர் ஸ்கேனிலோ எம்.ஆர்.ஐ.யிலோ பார்த்தபிறகே தேதி குறிக்க வேண்டும். குடல் அறுவை நிபுணரை அரங்கிலிருந்து அவசரமாக அழைக்கும் நிலைமை, முந்தைய மாதமே தவிர்த்திருக்கக்கூடியது.

ஒப்புதல் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நோய் என்ன என்று பார்ப்பதற்கான லேப்ராஸ்கோபிக்கு மட்டும் ஒப்புக்கொண்ட 44 வயதுப் பெண்ணுக்கு, மயக்கத்தில் இருந்தபோதே வெளியே நின்ற தாயிடம் சம்மதம் கேட்டுக் கர்ப்பப்பையும் சினைப்பைகளும் நீக்கப்பட்ட வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. உள்ளே காணப்பட்டது எண்டோமெட்ரியோசிஸ்தான். மருத்துவரின் நோக்கத்தில் குறை காணப்படவில்லை. ஆனாலும் பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் ஆகாது, சுயமாக முடிவெடுக்கத் தகுதியுள்ள வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாகத் தாய் சம்மதிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. நம் ஊரில் இன்றும் கணவரோ அண்ணனோ வார்டு வாசலில் கையெழுத்துப் போடுகிறார். உள்ளே என்னென்ன கண்டால் என்னென்ன செய்வோம், எதைச் செய்யாமல் மூடிவிட்டு வந்து பேசுவோம் என்பதை அந்தப் பெண்ணிடமே, அவர் மொழியில், முந்தைய வருகையில் பேசி முடிவு செய்துவிட வேண்டும். தேவையற்ற கர்ப்பப்பை நீக்கங்களைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதையும் இங்கே நினைவூட்டுகிறோம். சினைப்பைகளை "கூடவே எடுத்துடலாம்" என்ற பழக்கம் தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைவிட ஆபத்தானது. முப்பத்தைந்து வயதில் இரண்டு சினைப்பைகளையும் இழப்பவர் எலும்பையும் இதயத்தையும் பணயம் வைக்கிறார். அவருக்கு ஹார்மோன் மாற்று மாத்திரையை எழுதாமல் அனுப்புவது சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதாகும்.

உடலைத் தயார் செய்வதில் ரத்தசோகையே முதல் எதிரி. அதே தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயது வரையான தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. அறுவைக்கு முந்தைய நாள் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி எண்ணைச் சரிக்கட்டுவதைவிட, ஆறு வாரம் முன்பே ரத்தப்போக்கை மாத்திரையால் நிறுத்தி, இரும்புச்சத்தை வாய்வழியோ நரம்புவழியோ கொடுத்துவிட்டால் அவர் எழுந்து நடப்பதே வேறு மாதிரி இருக்கும். பட்டினி அடுத்தது. இரவு பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டு, பட்டியலில் மூன்றாவதாகப் போட்டு, பிற்பகல் ஒரு மணிக்கு அரங்குக்குள் அழைக்கிறோம். நாக்கு வறண்டு, தலை வலித்து, பயந்துபோய் உள்ளே வருபவருக்கு வலி தாங்கும் சக்தி எங்கிருந்து வரும்? மயக்க மருந்து கொடுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்புவரை லேசான உணவும், இரண்டு மணி நேரம் முன்புவரை தண்ணீர் போன்ற தெளிந்த திரவமும் தரலாம் என்பது இன்று உலகம் ஏற்ற நடைமுறை. எல்லோருக்கும் எனிமா கொடுக்கும் வழக்கத்துக்கும் ஆதாரம் இல்லை. ஆண்டுக்கணக்கில் டிராமடால் விழுங்கிக்கொண்டிருப்பவர் என்றால் அதை மயக்கவியல் நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். "வலிச்சா கேளுங்க" என்று எழுதாமல், பாராசிட்டமாலும் பொருத்தமான வலிநிவாரணியும் மணிக்கணக்கு வைத்துக் கொடுக்கப்பட வேண்டும். நம் பெண்கள் கேட்க மாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள்.

லேப்ராஸ்கோபி முடிந்த மறுநாள் தோள்பட்டையில் குத்துவதை மாரடைப்பு என்று பயந்து அழுகிறவர்களைச் செவிலியர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். வயிற்றுக்குள் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது, ஓரிரு நாளில் போய்விடும் என்று முந்தைய நாளே சொல்லியிருந்தால் அந்த இரவு அவர் தூங்கியிருப்பார். அதோடு ஒரு விதியையும் கற்பித்து அனுப்ப வேண்டும்: வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கூடினால், வயிறு உப்பினால், நாடி வேகமாக ஓடினால், குடல் காயம் இல்லை என்று உறுதியாகும்வரை அதை வாயுத் தொல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. ஒரு வாரம் கழித்து யோனி வழியே தண்ணீர்போல் இடைவிடாமல் கசிந்தால் சிறுநீர்க்குழாயை நினைக்க வேண்டும். ஏற்கெனவே வலிக்காரர் என்று பெயரெடுத்த பெண்ணின் புதிய வலியைத்தான் நாம் எளிதில் கவனிக்கத் தவறுகிறோம்.

பிறகு வீடு. "நல்ல ஓய்வு, பளு தூக்க வேண்டாம்" என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதுகிறோம். லாரித் தண்ணீர் வரும் தெருவில் நிறைகுடம் பதினைந்து கிலோ. இட்லி மாவு ஆட்டும் கிரைண்டர் கல், இடுப்பில் ஏறத் துடிக்கும் இரண்டு வயதுக் குழந்தை எல்லாம் பளுதான் என்று யாரும் அவர் மாமியாரிடம் சொல்வதில்லை. ஆறு வாரத்துக்குக் குடம் யார் எடுப்பார்கள் என்பதை டிஸ்சார்ஜ் அன்று வீட்டாரை நிற்க வைத்துக் கேளுங்கள். பத்தியம் இன்னொன்று. தண்ணீர் குடித்தால் புண்ணில் சீழ் வைக்கும் என்று வாயை நனைக்க மட்டும் தருகிற வீடுகள் இருக்கின்றன. பருப்பும் முட்டையும் நிறுத்தப்படுகின்றன. மலம் இறுகி, முக்கி, மறுபடி அதே அடிவயிற்று வலியோடு அவர் வருகிறார். பூண்டுக் குழம்பும் சுட்ட கருவாடும் தாராளமாகச் சாப்பிடட்டும், ஆனால் தண்ணீரையும் பருப்பையும் நிறுத்தாதீர்கள் என்று சொன்னால் பாட்டிகள் கேட்கிறார்கள். பத்தியத்தையே கேலி செய்தால் நம் பேச்சு எடுபடாது. கர்ப்பப்பை நீக்கியவர்களுக்கு, உள்தையலைப் பரிசோதித்துச் சரி என்று சொல்லும்வரை, குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம், தாம்பத்தியம் கூடாது. இதை அவரே கணவரிடம் சொல்லிக்கொள்வார் என்று விட்டுவிட முடியாது. அவர் அனுமதியோடு நாம் சொல்ல வேண்டும்.

எண்டோமெட்ரியோசிஸுக்கு அறுவை செய்துகொண்டவர், உடனே கருத்தரிக்க விரும்பாவிட்டால், ஹார்மோன் சாதனமோ மாத்திரையோ குறைந்தது 18 முதல் 24 மாதம் தொடர வேண்டும் என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கத்தின் 2022 வழிகாட்டி பரிந்துரைக்கிறது. நடப்பது என்ன? ஒரு அட்டை முடிந்ததும் "ஆபரேஷன்தான் பண்ணியாச்சே, இனி எதுக்கு மாத்திரை" என்று நின்றுவிடுகிறது. அறுவைக்குப் பின் வரும் முதல் மாதவிலக்கு பலருக்குக் கடுமையாக இருக்கலாம் என்று சொல்லாமல் விட்டதால், அந்த ஒரு மாதத்திலேயே நம்பிக்கை இழந்து வேறு மருத்துவரிடம் போய், அங்கே இரண்டாவது லேப்ராஸ்கோபிக்குத் தேதி வாங்குகிறார்கள்.

வலி நீடித்தால் மறுபடி உள்ளே போவதற்கு முன் மறுபடி தொட்டுப் பாருங்கள்: தசை, தழும்பு, சிறுநீர்ப்பை. தூக்கத்தையும் மனநிலையையும் கேளுங்கள். காபாபென்டினை எழுதி அனுப்புவதும் விடையல்ல. வெளிப்படையான காரணம் தெரியாத இடுப்புக்குழி வலியில் அது போலி மருந்தைவிட மேலானதல்ல என்று 306 பெண்களிடம் நடந்த ஆய்வு 2020-இல் காட்டிவிட்டது. இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தப் பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர்கள் நகரங்களில்கூட அரிது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். அவர்களுக்கு இந்தப் பயிற்சியையும் அளிக்குமாறு அரசை வேண்டுகிறோம்.

இந்த இதழை வாசிக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தையல் பிரிக்கும் நாளை நம் கடைசி நாளாக வைத்துக்கொள்ள வேண்டாம். வலிக்காக அறுவை செய்துகொண்ட எவரையும், மூன்றாம் மாத வருகைக்கான தேதியைச் சீட்டில் எழுதி, தொலைபேசி எண்ணையும் கொடுத்த பிறகே வீட்டுக்கு அனுப்புங்கள்.