எக்ஸ்டெண்டெட் வாரண்டியா, இன்சூரன்ஸா?

லேப்டாப்புக்குப் பணம் கட்டும் நேரத்தில்தான் கடையில் அந்தக் கேள்வி வரும். "சார், இன்னும் ஐயாயிரம் போட்டால் மூணு வருஷத்துக்குக் கவலையே இல்லை, சேர்த்துடலாமா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பலர் தலையாட்டிவிடுகிறார்கள். அந்த ஐயாயிரம் எக்ஸ்டெண்டெட் வாரண்டிக்கா, இன்சூரன்ஸுக்கா என்று கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அதைத்தான் கேட்க வேண்டும்.

வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்குக் கம்பெனி தரும் உறுதி. மதர்போர்டு தானாகச் செத்துப்போனாலோ, திரையில் கோடு விழுந்தாலோ இலவசமாகச் சரிசெய்து தருவார்கள். கீபோர்டில் காபி கொட்டினாலோ, மேசையிலிருந்து விழுந்து திரை உடைந்தாலோ தரமாட்டார்கள். எக்ஸ்டெண்டெட் வாரண்டி இதே உறுதியை இன்னும் ஓரிரு வருடங்களுக்கு நீட்டிப்பது, அவ்வளவுதான். ஒரு வருடம் உழைத்ததும் முதலில் தளர்வது பேட்டரி. பெரும்பாலான நீட்டிப்புகளில் அது சேராது. விழுந்தது, உடைந்தது, நனைந்தது, திருட்டுப்போனது எல்லாம் இன்சூரன்ஸின் வேலை. இரண்டுக்கும் நடுவில், லேப்டாப் கம்பெனிகளே விற்கும் ஆக்சிடென்டல் டேமேஜ் திட்டம் ஒன்று உண்டு. அது உடைந்ததற்கும் நனைந்ததற்கும் உதவும், திருட்டுக்கு உதவாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இரண்டு வருட நீட்டிப்புக்கு 5,000 ரூபாய் என்றும், வாரண்டி முடிந்த பின் ஒரு பெரிய ரிப்பேருக்கு 15,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று லேப்டாப்பில் ஒன்று அந்த இரண்டு வருடத்துக்குள் தானாகப் பழுதானால்தான் 5,000 ரூபாய் நியாயமான விலை. அவ்வளவு பழுதாகுமா? அமெரிக்காவில் ஸ்கொயர்ட்ரேட் என்ற நிறுவனம் 2009-ல் 30,000 லேப்டாப்புகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. மூன்று வருடத்தில் தானாகப் பழுதாவது 20.4 சதவீதம், விபத்தில் சேதமாவது 10.6 சதவீதம் என்றது அந்தக் கணக்கு. இத்தனைக்கும் அந்த நிறுவனத்தின் தொழிலே வாரண்டி விற்பதுதான்! அந்த 20.4-ல் முதல் வருடப் பழுதுகளும் அடக்கம். அவற்றை இலவச வாரண்டியே பார்த்துக்கொள்ளும். பழைய கணக்கு, வேறு நாட்டுக் கணக்கு என்றாலும், ஐயாயிரம் அதிகம் என்று காட்ட இது போதும்.

அதனால், வீட்டு மேசையை விட்டு நகராத லேப்டாப்புக்கு எக்ஸ்டெண்டெட் வாரண்டி வேண்டாம் என்பது என் கட்சி. அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வையுங்கள். ஆனால், திடீரென்று 15,000 ரூபாய் புரட்ட முடியாத குடும்பம், அந்த லேப்டாப்பை நம்பியே பிள்ளையின் படிப்பு என்றால், என் கணக்கை ஒதுக்கிவிட்டு வாரண்டியை வாங்குங்கள். அதையும் கடையிலேயே முடிவு செய்ய வேண்டியதில்லை. கம்பெனியின் சொந்த நீட்டிப்பைப் பொதுவாக முதல் வாரண்டி முடியும் முன் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். ஆக்சிடென்டல் டேமேஜ் திட்டத்துக்கு மட்டும், வாங்கிய இத்தனை நாட்களுக்குள் என்று கெடு வைத்திருக்கலாம். கேட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் பஸ்ஸிலும் ரயிலிலும் தோளில் தொங்கும் லேப்டாப், ஹாஸ்டலில் நாலு பேர் கைபடும் லேப்டாப் என்றால் கதை வேறு. இதற்கு என் ஓட்டு கம்பெனியின் ஆக்சிடென்டல் டேமேஜ் திட்டத்துக்கே. ரிப்பேரை அவர்களின் சர்வீஸ் சென்டரிலேயே செய்வார்கள். பாலிசி வைத்துக்கொண்டு பில், போட்டோ, சர்வேயர் என்று அலைய வேண்டியதில்லை.

திருட்டு பயத்தில் இன்சூரன்ஸ் எடுப்பவர்கள் பாலிசியின் பொடி எழுத்துகளைக் கட்டாயம் படிக்க வேண்டும். பல பாலிசிகளில் 'எங்கேயோ தொலைந்துவிட்டது' என்றால் பணம் கிடையாது. ஆள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டுப் போனாலும் கிடையாது. பூட்டை உடைத்த அடையாளம் கேட்பார்கள். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதுதான். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பதோ எஃப்.ஐ.ஆர். நகல். இரண்டும் ஒன்றல்ல. எல்லாம் சரியாக இருந்தாலும், லேப்டாப்பின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார்கள். 50,000 ரூபாய்க்கு வாங்கியது களவு போனால் 50,000 வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வெள்ளம் பற்றியும் ஒரு வார்த்தை. 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாரண்டி வெள்ளத்துக்கு உதவாது. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுப் பாலிசியில் வீட்டுப் பொருட்களையும் சேர்த்தால் தீயும் வெள்ளமும் அடங்கும். லேப்டாப்புக்கென்று தனிப் பாலிசி எடுக்கும் முன் இதை விசாரியுங்கள். சாதாரணத் திருட்டு இதில் வராது. தீ, வெள்ளம் போன்ற சம்பவம் நடந்து 7 நாட்களுக்குள் திருட்டுப்போனால் மட்டுமே கிடைக்கும்.

உள்ளே இருக்கும் போட்டோக்களுக்கும் கணக்குகளுக்கும் எந்தத் திட்டமும் பொறுப்பேற்காது. வாரண்டியில் ஹார்ட் டிஸ்க்கை மாற்றினால் பழையதைப் பொதுவாகக் கம்பெனியே வைத்துக்கொள்ளும், அதில் உங்கள் ஃபைல்கள் இருந்தாலும் சரி. எனவே சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்பே வெளி டிஸ்க் ஒன்றில் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. கம்பெனியின் வெப்சைட்டில் சீரியல் நம்பரைக் கொடுத்து, வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று வாங்கிய வாரமே பாருங்கள். சில சமயம் சரக்கு கடைக்கு வந்த தேதியே பதிவாகியிருக்கும். பில்லைக் காட்டினால் திருத்தித் தருவார்கள். அந்த பில் சில மாதங்களில் மங்கிவிடும் தெர்மல் தாளில் இருந்தால், இன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.