இடைவெளியைத் தொலைத்த இடைவெளிப் பயிற்சி

நெடுந்தொலைவு ஓட்டம் பயிலும் மாணவன் ஒருவன், “இன்று பத்து இன்டர்வல் முடித்தேன்” என்கிறான். பத்து முறை நானூறு மீட்டர் விரைந்து ஓடினான் என்று நாம் பொருள்கொள்ள வேண்டும். சொல்லோ அதைக் குறிக்கவில்லை. ஓர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவே உள்ள பொழுதுக்கே இடைவெளி என்று பெயர். தமிழாசிரியனுக்கு மைதானத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கலாம். சொல்லின் பொருள் திரிந்ததோடு பயிற்சியும் திரிந்துவிட்டது என்பதே என் வழக்கு.

1930களில் தொடங்கி இம்முறையை வளர்த்தவர்கள் ஜெர்மானியப் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லரும் மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டெலும். விரைவோட்டத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை ஏறலாம். ஓட்டம் நின்றபின் 90 நொடிக்குள் அது 120க்கு இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் கொடுத்த சுமை மிகுதி என்று பொருள். இதயம் வலுப்பெறுவது அந்த இடைவெளியில்தான் என்றே அவர்கள் கருதினர். அவர்கள் சொன்ன காரணத்தைப் பின்வந்த உடலியலார் முழுமையாக ஏற்கவில்லை. ஆனால் ஓய்வை அளந்து கொடுக்கும் ஒழுங்கு நிலைத்துவிட்டது. கெர்ஷ்லரின் மாணவர் ருடோல்ஃப் ஹார்பிக் 1939இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 நொடியில் கடந்தார். அச்சாதனை 1955 வரை நின்றது.

நம் மைதானங்களில் நடப்பது என்ன? எவன் நிலை எதுவாயினும் ஒரு நிமிடம் கழிந்ததும் விசில் ஊதப்படுகிறது. தூத்துக்குடிக் கடற்காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் குருதி அனுப்ப வேண்டியிருப்பதால் இதயத் துடிப்பு தணியக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. குளிர்நாட்டுக் கையேட்டின் ஒரு நிமிடம் இங்கே ஒரு நிமிடம் ஆகாது. விளைவு, நான்காவது சுற்றிலேயே வேகம் குன்றுகிறது. எஞ்சிய ஆறும் வெறும் தள்ளாட்டம். அதை ‘மனவுறுதி’ என்று பாராட்டுவோரும் உளர்!

இக்கரை மக்களுக்கு இது அந்நியப் பாடமன்று. 1803இல் இலங்கை பற்றி நூல் வெளியிட்ட ராபர்ட் பெர்சிவல், மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பை விவரிக்கிறார். அங்கே மூழ்கியோரில் பலர் தூத்துக்குடிக் கரையிலிருந்து சென்றவர்கள். படகொன்றுக்குப் பதின்மர், மூழ்குவதற்குரிய கற்களோ ஐந்து. ஐவர் அடியில் இருக்கையில் ஐவர் படகில் மூச்சைத் திரட்டிக்கொள்வர். பின்பு முறை மாறும். அதனால்தான் ஒருவரே ஒரு நாளில் நாற்பது, ஐம்பது முறை மூழ்க முடிந்தது. பத்துக் கற்களை ஏற்றி அனைவரையும் ஒருங்கே இறக்கினால் முத்துச்சிப்பி இரட்டிப்பாகும் என்று கணக்கிட்ட சம்மாட்டி எவரேனும் இருந்திருந்தால் நண்பகலுக்குள் படகைக் கரைக்குத் திருப்பியிருப்பார். 1961க்குப் பின் இங்கே முத்துச் சலாபம் நடக்கவில்லை. அந்த அறிவும் உடன் போய்விட்டது போலும்.

எமில் சாட்டோபெக்கை எனக்கு எதிராக நிறுத்துவார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000, 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றவர். ஒரே நாளில் பல பத்து முறை நானூறு மீட்டர் ஓடியவர். உண்மை. அச்சுற்றுகளுக்கு நடுவே அவர் 200 மீட்டர் மெல்லோட்டம் ஓடினார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

ஓய்வை வரம்பின்றி நீட்டச் சொல்லவில்லை. முழுதும் களைப்பாறியபின் ஓடினால் அது குறுந்தொலைவு வேகப் பயிற்சியாகிவிடும். நான்கு நிமிடம் கடுமையாக, மூன்று நிமிடம் மெல்லோட்டமாக, இவ்வாறு நான்கு முறை என்னும் நார்வே நாட்டு ஆய்வுமுறை 2007 முதல் பரவலாக அறியப்பட்டதே. அங்கும் அந்த மூன்று நிமிடத்துக்கு அளவுண்டு: உச்சத் துடிப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு. வாரத்தில் இத்தகைய நாள் இரண்டு போதும். மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓடும் வேகம். நம் பிள்ளைகளோ ஆறு நாளும் ஒரே திணறலில் ஓடுகிறார்கள். ஆதலால் விரைவு நாளில் விரைய வலுவில்லை.

விசில் ஊதுவோரிடம் ஒன்று கேட்கிறேன். சுற்று முடிந்ததும் ஒவ்வொருவன் நாடியையும் எண்ணி எழுத உங்கள் குறிப்பேட்டில் இடமிருக்கிறதா?