பஃபிளைக் கழற்றலாம், தூக்கிப் போடக் கூடாது

சைலன்சரிலிருந்து பஃபிளைக் கழற்றித் தரச் சொல்லி வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒருவருக்கு அது கரி அடைத்துக் கிடக்கிறது, சுத்தம் செய்து மாட்ட வேண்டும். இன்னொருவருக்கு அது இருப்பதே பிடிக்கவில்லை. மதுரையில் பைக் பட்டறை வைத்திருக்கும் நான் முதல் ஆளுக்கு எந்த நேரமும் வேலை செய்வேன், இரண்டாம் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். எல்லாப் பட்டறைகளும் அப்படிச் செய்ய வேண்டும், செய்யாத பட்டறையைச் சட்டம் தேடி வர வேண்டும் என்பது என் கட்சி.

யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1996-லேயே உற்பத்தி நின்றுபோன டூ-ஸ்ட்ரோக் வண்டி, இன்றைக்கும் தேடித் தேடி வாங்குகிறார்கள். டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிக்கும். முழுசாக எரியாத ஆயில், சைலன்சரின் வால் பக்கம் செருகியிருக்கும் ஓட்டை போட்ட குழாயில் படிந்து, நாளாக ஆகக் கல்லாக இறுகும். அந்தக் குழாய்தான் பஃபிள். புகை போக வழி குறைந்தால் வண்டி மேம்பாலம் ஏறத் திணறும், பெட்ரோலும் குடிக்கும். கார்புரேட்டரைக் குடைந்து, பிஸ்டன் ரிங் மாற்றி, கையிலிருந்த காசையெல்லாம் கரைத்த பிறகுதான் பலர் பஃபிள் பக்கம் வருவார்கள்.

சிக்கிய பஃபிளை எடுப்பது பொறுமைக்காரன் வேலை. சைலன்சரை வண்டியிலிருந்து இறக்கி, பெட்ரோல் வாடையே இல்லாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வால் பக்கத்து போல்ட் துரு ஏறியிருக்கும். துரு இளக்கும் ஆயிலை விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டால் காலையில் ஸ்பேனருக்கு அசையும். அவசரப்பட்டால் போல்ட் தலை உருண்டுவிடும், அப்புறம் டிரில் போட வேண்டியதுதான். போல்ட் வந்தபின் பஃபிளின் முனையைப் பிளையரால் கவ்வி, இழுக்காமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருக வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் வெளிக்குழாயின் வால் பகுதியை கேஸ் தீயில் சூடாக்க வேண்டும். வெளிக்குழாய் விரியும், உள்ளே கரியும் இளகும், அந்தச் சூட்டிலேயே திருகினால் வந்துவிடும். தீயை ஒரே இடத்தில் காட்டினால் குரோம் நீலம் பாரித்துப்போகும், வண்டிக்காரர் சண்டைக்கு வருவார். வெளியே எடுத்த பஃபிளைக் கரி சிவந்து சாம்பலாக உதிரும்வரை சுட்டு, கம்பி பிரஷ் போட்டு, ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்திவிட வேண்டும். மாட்டும்போது போல்ட் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் அடுத்த முறை இந்தப் பாடு இருக்காது.

இவ்வளவு பாடுபட்டு எடுத்ததை ஏன் மறுபடி மாட்டணும் என்று கேட்கிற தம்பிகளுக்கு: டூ-ஸ்ட்ரோக் சைலன்சரின் வயிறு பெருத்து வால் சிறுத்திருப்பது அழகுக்காக இல்லை. அதற்குள் மோதித் திரும்புகிற அழுத்த அலைதான், எரியாமல் தப்பி ஓடும் பெட்ரோலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. பஃபிள் போனால் அந்தக் கணக்குக் கெடும், கீழ் கியரில் இழுவை குறையும். கூடியது சத்தம் மட்டும்தான், அதை வேகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

புல்லட்காரர்கள் கதை வேறு. இப்போது வரும் வண்டிகளில் சைலன்சருக்குள் இருப்பது கழற்றி மாட்டுகிற சாமான் இல்லை. அதனால் அறுக்கிறார்கள், கடப்பாரையால் குத்தி உடைக்கிறார்கள், இல்லையென்றால் வெறும் குழாயையே வாங்கி மாட்டிவிடுகிறார்கள். 175 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குக்கு விதி அனுமதிக்கும் சத்தம் 80 டெசிபல். 90 ஆனால் பத்துதானே கூடியது என்று தோன்றும், ஆனால் ஒலியின் சக்தி பத்து மடங்கு. ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரித் தெருவில் சாவியை அணைத்துப் போட்டு டமால் டமால் என்று வெடிக்கவிட்டுப் போவதற்குப் பெயர் ரசனையாம்!

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு, வண்டியை விதிக்குப் புறம்பாக மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. சத்த விதியை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸும் போகும். பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி, போலீஸார் படமும் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல காட்சிதான். ஆனால் அந்தக் குழாயை விற்ற கடையும், அறுத்துக் கொடுத்த பட்டறையும் வழக்கில் வந்து நான் பார்த்ததில்லை. நசுங்கிய குழாய்க்குப் பதில் புதுக் குழாய் மறுநாளே அதே கடையில் கிடைக்கிறது.

போக்குவரத்து போலீஸுக்கும் ஆர்டிஓ அலுவலகத்துக்கும் ஒரு வேண்டுகோள். சிக்னலில் பையனை மடக்கினால், "எங்கே மாட்டினே?" என்று முதலில் கேளுங்கள். அவன் சொல்லும் முகவரிக்கு அன்றைக்கே போங்கள். விற்றவருக்கும் மாட்டியவருக்கும் தண்டனை கொடுக்கச் சட்டத்தில் இடம் போதாதென்றால், அதைத் திருத்தும்படி அரசுக்கு எழுதுங்கள்.