படத்தின் பின்புறம்

ஒவ்வோர் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவருடைய தொழில் வேறு. தபாற் கந்தோரிலோ, கச்சேரியிலோ, கடையிலோ அவருடைய நாள் கழியும். ஆயினும் ஊரார் அவரை அறிவது அவர் தோளிலே தொங்கும் கமெராவினால். கோயிற் கொடியேற்றமாயினும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காதுகுத்தாயினும், மாரி வெள்ளம் ஒழுங்கையை மூடிய நாளாயினும் அவர் அங்கே நிற்பார். கூலி வாங்கார், பத்திரிகைக்கும் அனுப்பார். "உவருக்கு வேறை வேலை இல்லை" என்று சிலர் நகைப்பதும் உண்டு. இத்தகைய பொழுதுபோக்குப் படப்பிடிப்பாளரைப் பற்றியே இவ்வாரம் நேயர்களோடு சிறிது உரையாட விழைகின்றோம்.

ஒளிப்படக் கலை 1839ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கனத்த பெட்டி, கண்ணாடித் தட்டு, இரசாயனக் குப்பிகள் என்று அது நெடுங்காலம் தொழில் வல்லாரிடமே இருந்தது. 1888இல் அமெரிக்கராகிய ஜோர்ஜ் ஈஸ்ற்மன் 'கொடாக்' என்னும் கைப்பெட்டியை விற்பனைக்கு விட்டார். நூறு படங்களுக்குரிய சுருள் அதனுள்ளேயே இருந்தது. சுருள் முடிந்ததும் பெட்டியோடு தொழிற்சாலைக்கு அனுப்பினால், கழுவிய படங்களும் புதிய சுருள் ஏற்றிய பெட்டியும் திரும்பி வரும். 1900இல் ஒரு டொலர் விலையில் 'பிரௌனி' வந்தது. அன்றுதொட்டுப் படம் பிடிப்பது சிறுவர்க்கும் இயல்வதாயிற்று.

இதனால் விளைந்த மாற்றம் பெரிது. ஸ்ரூடியோவிலே வரைந்த திரையின் முன்னால், மூச்சடக்கி, கைகளைத் தொடைமேல் வைத்து அமர்ந்திருந்த குடும்பம், பொழுதுபோக்காளரின் கமெராவிலே முற்றத்திற்கு வந்தது. தாய் மா இடிக்கிறாள். தந்தை வேலி அடைக்கிறார். தம்பி பல்லில்லாத வாயால் சிரிக்கிறான். வாழ்ந்தபடியே மனிதர் படத்திற் பதிந்தனர்.

எமது நாட்டிலே இவ்வகையில் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் லயனல் வென்ற் (1900–1944). சட்டம் பயின்றவர், பியானோ வாத்தியத்திலே வல்லவர், படப்பிடிப்போ அவர் நெஞ்சு விரும்பி ஏற்ற கலை. 1934இல் பசில் றைற் இலங்கையைப் பற்றி எடுத்த புகழ்பெற்ற விவரணப் படத்திலே ஒலிக்கும் குரல் இவருடையதே. கிராமத்தவரையும் ஆடற் கலைஞரையும் கடற்கரை மாந்தரையும் இவர் படமாக்கினார். இவர் மறைந்த பின் நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. அச்சிட்ட பிரதிகள் எஞ்சியமையால், 1950இல் இவருடைய படங்கள் நூலாக வெளிவர இயன்றது.

மற்றொருவர் விவியன் மேயர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1926இற் பிறந்தவர். சிக்காகோ நகரில் பல்லாண்டுகள் பிறர் பிள்ளைகளைப் பராமரித்துப் பிழைத்தவர். ஓய்வு கிடைத்த போதெல்லாம் கமெராவுடன் தெருவிலே நடந்தார். 1959இல் தனியே உலகப் பயணமும் புறப்பட்டார். எடுத்தவற்றைப் பெரும்பாலும் எவர்க்கும் காட்டியதில்லை. வாடகை கட்டாமையால் அவருடைய பெட்டிகள் 2007இல் ஏலம் போயின. அவற்றை வாங்கியோர் வாயிலாகவே அவருடைய படங்கள் வெளிவந்தன. ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட படங்களை எடுத்த அவர், 2009இல் தம் புகழை அறியாமலே மறைந்தார். இன்று அப்படங்களைக் காண்போர் கலையை வியக்கின்றனர். ஆனால் அத்தெருக்களிலே நின்ற முகங்களிற் பெரும்பாலானவை எவருடையவை என்று சொல்ல இப்போது ஆளில்லை.

எம் ஊருக்கு வருவோம். எமது ஒழுங்கையிலும் ஒரு பெரியவர் இருந்தார். தபாற் பகுதியில் வேலை பார்த்தவர். கிணறு இறைத்தல், கிடுகு பின்னுதல், தேர் வடம் பிடித்தல், மதகிலே அமர்ந்து இளைஞர் ஊர்க்கதை பேசுதல் ஆகிய இவையே அவர் எடுத்த படங்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் மழையிலே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது நாம் பள்ளி மாணவர். அரிசியும் உடுப்பும் பத்திரங்களும் சுமந்து சென்றோரிடையே அவர் தம் சைக்கிளிலே ஒரு பிஸ்கற் பேணியைக் கட்டிக்கொண்டு சென்றார். உள்ளே இருந்தவை நெகற்றிவ்கள். "உது சோறு போடுமோ?" என்று ஒருவர் கேட்டார். அவர் மறுமொழி சொல்லாமல் பேணியின்மேல் ஒரு பொலித்தீனைச் சுற்றினார்.

ஊர் திரும்பியபோது பல வீடுகளிற் கூரை இல்லை. அல்பங்கள் மழையிலே ஊறிக் கிடந்தன, அல்லது அடியோடு காணாமற் போயின. திருமணப் படமும் இல்லாத தம்பதியர் எம் அயலிலே பலர்.

அப்பெரியவர் காலமான பின் அவர் மகள் பேணியை எம்மிடம் தந்தார். சில நெகற்றிவ்களைப் பிரதி செய்வித்து, பெயர் அறியும் பொருட்டு அயலாரிடம் கொண்டு சென்றோம். தேர்த் திருவிழாப் படமொன்றை ஓர் ஆச்சி நெடுநேரம் பார்த்தார். பின் வடத்தின் கடைசியிலே, பாதி முகம் மறைந்து நின்ற ஒருவர்மேல் விரலை வைத்தார்.

"தம்பி, இது எங்கடை அவர். அந்தச் சால்வையை நான்தான் தோய்ச்சுக் குடுத்தனான்."

இடம்பெயர்வின் பின் அவர் கணவருடைய படம் ஒன்றுகூட அவ்வீட்டில் இருக்கவில்லை. அப்பாதி முகத்தைப் பெருப்பித்து இன்று சுவாமிப் படங்களுக்குக் கீழே மாட்டியிருக்கிறார்கள். படம் எடுத்தவர் அவரை எண்ணி எடுக்கவில்லை, தேரையே எடுத்தார். ஊரோடு சேர்த்து எடுத்தமையால் ஒருவர் தம் மனைவியிடம் மீண்டு வந்தார்.

ஆகவே மாணவர்க்கு ஒன்று சொல்வோம். இன்று உங்கள் கையிலே தொலைபேசியே கமெரா. நெடுந்தீவுக்குப் போகிறீர்கள், பெருக்கு மரத்தின் முன்னும் குதிரைகளின் முன்னும் நின்று உங்களையே எடுக்கிறீர்கள். எடுங்கள், குற்றமில்லை. அத்தோடு, குறிகட்டுவான் துறையிலே படகுக்குக் காத்திருக்கும் மூதாட்டியின் பனையோலைக் கூடையையும், முருகைக்கல் அடுக்கி வேலி திருத்தும் மனிதரையும், அவர் அனுமதி பெற்று எடுங்கள். இழவு வீட்டிலும் கோயிலின் உள்வீதியிலும் கேளாமல் எடுக்கலாகாது. எடுத்த படத்தில் ஒரு பிரதியை அதிலுள்ளவர்க்குக் கொடுப்பது நல்ல பண்பு. நண்பகல் வெயிலிலே கண்கள் நிழலில் மறையும். காலையும் மாலையும் முகத்துக்கு நன்று.

பெற்றோர்க்கும் சில கூறுவோம். ஆயிரம் படங்கள் தொலைபேசியில் இருப்பதனால் அவை பாதுகாப்பாக இருக்கின்றன என்று எண்ணற்க. கருவி கெட்டால் எல்லாம் ஒருங்கே போகும். வேண்டியவற்றை இரண்டு இடங்களிற் பிரதி செய்து வையுங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு படங்களையேனும் தெரிந்து அச்சிடுங்கள். ஒட்டும் தாள் கொண்ட அல்பங்கள் காலப்போக்கிற் படத்தைக் கெடுக்கும்; சாதாரணத் தாளிலே மூலைகளைச் செருகி வைத்தலே நன்று. ஈரமான சுவரை ஒட்டிய அலுமாரியும் ஆகாது.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. படத்தின் பின்புறத்திலே, ஓரமாக, மென்மையான பென்சிலால், மெல்ல எழுதுங்கள்: யார், எங்கே, எந்த ஆண்டு. குமிழ்முனைப் பேனா அழுத்தினால் முன்புறம் தழும்பேறும். 'அப்பா' என்று மட்டும் எழுதினால் பேரனுக்கு விளங்காது. முழுப் பெயரை எழுதுக.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டிலே பாட்டனாரோ பேர்த்தியாரோ இருப்பின், மத்தியானச் சாப்பாட்டின் பின் பழைய அல்பத்தை அவர் மடியிலே வையுங்கள். ஒவ்வொரு முகமாக விரல் வைத்துக் கேளுங்கள். பக்கத்திலே ஒரு பென்சிலும் இருக்கட்டும்.